எந்த சேனலில் எந்த மைக்?

இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் ஒரு நேர்காணலை எடுத்துக்கொள்வோம். கேமரா இரண்டு, ஒலிக்குத் தனியாக ஒரு ரெக்கார்டர். ரெக்கார்டரிலிருந்து வரும் ஒரே வேவ் கோப்புக்குள் ஐந்து சேனல், அதாவது ஐந்து தனித்தனி ஒலிப்பதிவு, இருக்கும். 1, 2-இல் ஒலிப்பதிவாளர் அங்கேயே கலந்து வைத்த மிக்ஸ், 3-இல் பூம் (கம்பு நுனியில் நீட்டிப் பிடிக்கும் மைக்), 4-இல் விருந்தினரின் காலர் மைக், 5-இல் ஆங்கரின் காலர் மைக். கேமராக்களிலிருந்து இன்னும் நான்கு. ஆக ஒன்பது சேனல். பேசுவதோ இரண்டு பேர். ஒன்பதையும் அப்படியே எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் இறக்கி, எல்லாம் கேட்கிறதே என்று வெட்டத் தொடங்கினால் அந்த வேலை கடைசிவரை நேராவதில்லை.

மிக்ஸுக்குள் 4-ஆம் சேனலின் குரல் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே சிக்னல் இரண்டு ட்ராக்கில் ஒரே லெவலில் ஓடினால் 6 டெசிபல் ஏறும். இரண்டுக்கும் நடுவே துளி கால வித்தியாசம் இருந்துவிட்டால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். மிக்ஸ் என்பது எடிட்டருக்கான வழிகாட்டி. வெட்டும்போது அதை மட்டும் கேட்கலாம்; இறுதிக்குத் தனித்தனி மைக்குகளுக்குப் போய்விட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓடவிடக் கூடாது.

ஆகவே முதல் கிளிப்பை வைப்பதற்கு முன்பே சேனல்களைப் பிரிக்க வேண்டும். நல்ல ரெக்கார்டர்கள் ட்ராக் பெயர்களைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும். பெயர் இல்லையென்றால் ஒவ்வொன்றையும் சோலோ போட்டு, அதாவது மற்றதை அணைத்து அதை மட்டும் ஓடவிட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில், ப்ராஜெக்ட் பேனலில் கிளிப்பைத் தேர்ந்து, மாடிஃபை மெனுவில் ஆடியோ சேனல்ஸ் திறந்து, மோனோ என்று மாற்றி, எந்த சேனல் எந்த ட்ராக்குக்குப் போகிறது என்று குறிக்க வேண்டும். டாவின்சி ரிசால்வில் கிளிப் அட்ரிபியூட்ஸின் ஆடியோ பக்கத்தில் இதே வேலை. பிரீமியரில் இந்த மாற்றம் ஏற்கெனவே டைம்லைனில் உள்ள துண்டுகளைத் தொடாது. நாற்பது வெட்டு போட்ட பிறகு ஞாபகம் வந்தால் அந்த நாற்பதையும் மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.

கேமரா ஒலியில் இன்னொரு பொறி இருக்கிறது. முதல் உள்ளீட்டில் காலர் மைக், இரண்டாவதில் கேமரா மேல் மைக் என்று எடுத்ததை மென்பொருள் ஸ்டீரியோவாகவே படிக்கும். குரல் முழுக்க இடது காதில், அறையின் எதிரொலி வலது காதில். ஒற்றை ஸ்பீக்கர் போனில் இரண்டும் கலந்துவிடுவதால் தவறு தெரியாது. ஹெட்போன் போட்டவருக்கு உடனே தெரியும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசமானது. ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் அனுப்பும் பேலன்ஸ்டு மைக்கைத் தவறான கேபிள் வழியாகக் கேமராவின் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ உள்ளீட்டில் செருகினால், ஒரே குரல் இடதில் நேராகவும் வலதில் அலை தலைகீழாகவும் பதிவாகும். ஹெட்போனில் கொஞ்சம் வெறுமையாகத்தான் தோன்றும், இடதும் வலதும் ஒன்றாகக் கலக்கும் மோனோவில் குரலே மறைந்துவிடும். ஒரு சேனலை எறிந்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும், குரல் முழுசாகத் திரும்பிவிடும். எந்த வேலையானாலும் ஒருமுறை மோனோவில் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சிங்க், அதாவது ஒலியைப் படத்தோடு பொருத்தும் விஷயத்தில் எடிட்டர்கள் ஃப்ரேம் கணக்கில் யோசிப்பது இயல்பு. ஒலிக்கு அது போதாது. 25 ஃப்ரேம் வேகத்தில் ஒரு ஃப்ரேம் 40 மில்லி செகண்ட். 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் அதற்குள் 1,920 சாம்பிள். வாயிலிருந்து பூம் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அதில் குரல் ஏறத்தாழ 3 மில்லி செகண்ட் தாமதமாக விழும். அதைக் காலர் மைக்கோடு சேர்த்து ஓடவிட்டால், ஒரே ஒரு மில்லி செகண்ட் தாமதமே 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று அடுத்தடுத்துக் குரலில் பள்ளம் தோண்டிவிடும். அந்தக் குழாய்ச் சத்தம் வருவது இப்படித்தான். பிரீமியரில் டைம்லைன் மெனுவில் ஆடியோ டைம் யூனிட்ஸைப் போட்டுக்கொண்டால் சாம்பிள் அளவுக்கு நகர்த்தலாம். ‘ப’, ‘ட’ போன்ற வெடிப்பு எழுத்துகளின் முனைகளைப் பார்த்துச் சேர்ப்பது சுலபம். ஆனால் பேசுகிறவர் தலையைத் திருப்பியதும் அந்தக் கணக்கு மாறிவிடும். அமைதியான அறையென்றால் பூம், தெருவென்றால் காலர் மைக், ஒரு நேரத்தில் ஒருவருக்கு ஒரே மைக் என்று முடிவெடுப்பதுதான் நிம்மதி.

தொடக்கத்தில் கிளாப் சரியாகப் பொருந்திவிட்டது என்று நிறுத்தக் கூடாது, கடைசியிலும் பார்க்க வேண்டும். இரண்டு கருவிகளின் கடிகாரத்தில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 செகண்ட், அதாவது நாலரை ஃப்ரேம் விலகும். பேச்சின் இடைவெளிகளில் வெட்டி நகர்த்துவதே குரலைக் கெடுக்காத வழி. ஒரு மணிக்கு 3.6 செகண்ட் விலகினால் அது வேறு கதை, 24 ஃப்ரேம் வேகத்துக்கும் 23.976-க்கும் நடுவே யாரோ குழம்பியிருக்கிறார்கள். அங்கே நகர்த்திப் பயனில்லை, கோப்பைச் சரியான வேகத்தில் மறுபடி படிக்க வைக்க வேண்டும்.

டைம்லைனில் ஆளுக்கு ஒரு ட்ராக். சம்பவ இடத்தில் பதிவான காலடி, கதவு, பாத்திரச் சத்தங்களைப் பேச்சு ட்ராக்கிலிருந்து பிரித்துத் தனி ட்ராக்கில் வைப்பது நல்லது. தமிழில் எடுத்த படம் தெலுங்குக்கோ இந்திக்கோ டப்பிங் போகும்போது பேச்சு ட்ராக்கை அணைப்பார்கள்; காலடியும் அதோடு போய்விட்டால் அந்தக் காட்சி ஊமையாகிவிடும். மிக்ஸிங்குக்கு ஏஏஎஃப் (டைம்லைனை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் கோப்பு) அனுப்பும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் இருபுறமும் ஐந்து செகண்டாவது ஹேண்டில் (வெட்டுக்கு அப்பாலும் நீளும் உபரி ஒலி) கொடுங்கள். யாரும் பேசாதபோது பதிந்த அந்த அறையின் ரூம் டோன் 30 செகண்டும் இருந்தால் மிக்ஸர் வாழ்த்துவார். சிங்க் சரிபார்க்க, படம் தொடங்க இரண்டு செகண்ட் முன்னால் ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு 1,000 ஹெர்ட்ஸ் பீப்பும் வேண்டும்.

ஆறு சேனல் கொண்ட 5.1 சரவுண்ட் டெலிவரியில் சேனல் வரிசைதான் கழுத்தறுக்கும். எஸ்எம்பிடிஇ (திரைத்துறைத் தர நிர்ணய அமைப்பு) வரிசை: இடது, வலது, நடு, எல்எஃப்இ (தாழ்ந்த உறுமலுக்கான சேனல்), இடது சரவுண்ட், வலது சரவுண்ட். ஃபிலிம் வரிசை: இடது, நடு, வலது, இடது சரவுண்ட், வலது சரவுண்ட், எல்எஃப்இ. ஒன்றை மற்றதாகப் படித்தால் நடு ஸ்பீக்கரில் வர வேண்டிய வசனம் வலது மூலையிலிருந்து வரும். ஆறு மோனோ கோப்புகளாக அனுப்பினால் பெயரிலேயே சேனலைச் சொல்லிவிடலாம். எல்எஃப்இ-யில் மட்டும் வைத்த எந்தச் சத்தமும் ஆறையும் இரண்டாகக் கலக்கும் ஸ்டீரியோ டவுன்மிக்ஸில் பெரும்பாலும் கிடைக்காது. இடியின் அடித்தளத்தைக் கொஞ்சம் மற்ற சேனல்களிலும் விட்டு வையுங்கள். ஐரோப்பிய ஒளிபரப்பின் சத்த அளவான மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) கேட்டாலும், மைனஸ் 24 கேட்டாலும் மீட்டர் எல்எஃப்இ-யைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எக்ஸ்போர்ட் முடிந்ததும் அந்தக் கோப்பையே புது ப்ராஜெக்டில் இறக்கி, ஆறு சேனலையும் ஒவ்வொன்றாக சோலோ போட்டுக் கேளுங்கள். மூன்றாவதில் வசனம், நான்காவதில் வெறும் தாழ்ந்த உறுமல், ஐந்திலும் ஆறிலும் சூழல் சத்தம் என்று இருந்தால் எஸ்எம்பிடிஇ வரிசை சரி, அனுப்பலாம்.