கனடா பி.ஆர். மறுக்கப்பட்டது, வழக்குப் போட்டேன்

2023 நவம்பர், வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தபோது குடிவரவுத் துறைக் கணக்கில் புதுச் செய்தி இருக்கிறது என்று மின்னஞ்சல் வந்தது. பல மாதமாகக் காத்திருந்த செய்தி, வீடு போகும்வரை பொறுமை இல்லை, நின்றபடியே போனில் திறந்தேன். முதல் பாராவில் நன்றி, இரண்டாவது பாராவில் வருத்தம். மூன்றாவதைப் படிப்பதற்குள் நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது.

விஷயம் இதுதான். நான் பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிட உரிமைக்கு, மதிப்பெண் போட்டு ஆட்களை அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பித்திருந்தேன். இங்கே பார்த்த வேலையில் சிக்கல் இல்லை. ஊரில் நாலு வருஷம் பார்த்த வேலைக்கும் மதிப்பெண் கேட்டிருந்தேன், அதற்கு ஆதாரம் போதவில்லை என்று அதிகாரி முடிவு செய்துவிட்டார். அந்த மதிப்பெண்ணைக் கழித்தால் எனக்கு விண்ணப்பிக்க அழைப்பு வந்த சுற்றின் கட்-ஆஃபுக்குக் கீழே போய்விடுகிறேன். குடிவரவுச் சட்டத்தின் 11.2 பிரிவு, அழைப்பு வந்த அன்று அந்த மதிப்பெண் உண்மையிலேயே இருந்திருக்க வேண்டும் என்கிறது. இல்லையென்றால் மறுப்பு, வேறு பேச்சு கிடையாது.

அன்று ராத்திரியே கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஐயா, நான் இந்த நாட்டில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், ஒழுங்காக வரி கட்டுகிறேன், மகள் பள்ளிக்கூடம் போகிறாள், தயவுசெய்து மறுபடி பாருங்கள் என்று மூன்று பக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதைத் திருத்திக்கொண்டே இருந்தேன். பழைய மேனேஜரைப் பிடித்து, வேலை விவரம் எல்லாம் போட்டுப் புதிதாக ஒரு கடிதமும் வாங்கினேன். எல்லாவற்றையும் சேர்த்து மறுபரிசீலனை கேட்டு அனுப்பிவிட்டு, இனி பதில் வரும் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு வாரம் முழுக்க வீண்.

நண்பன் ஒருவன், "மச்சான், திரும்பப் போட்டுடு, இதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன்" என்றான். முதலில் விண்ணப்பத்துக்கு உதவிய கன்சல்டன்ட்டும் அதையேதான் சொன்னார். சொல்வது சுலபம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் முப்பதிலிருந்து நாற்பது வயதுவரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்தாறு மதிப்பெண் போய்விடும், எனக்கு இடையில் ஒரு பிறந்தநாள் வந்துவிட்டது. கட்-ஆஃபும் ஏறியிருந்தது. வேலை அனுமதியில் ஒன்பது மாதம்தான் பாக்கி, பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் இடைக்கால வேலை அனுமதியும், மறுத்துவிட்டார்கள் என்பதால், இனி கேட்க முடியாது. திரும்பப் போட்டு அழைப்புக்காகக் காத்திருந்தால் அதற்குள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எட்டாவது நாள் என் மனைவி ஆபீஸிலிருந்து போன் செய்தாள். அவளோடு வேலை செய்யும் ஒரு அக்கா, "கோர்ட்டுக்குப் போகலையா? அதுக்குப் பதினஞ்சு நாள்தானே டைம்?" என்று கேட்டாராம். எனக்குக் கை காலெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது.

அதுவரை எனக்குத் தெரியாதது இது. முடிவு கனடாவுக்குள்ளே எடுக்கப்பட்டிருந்தால், அது நம் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் ஃபெடரல் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். வெளிநாட்டில் எடுக்கப்பட்ட முடிவென்றால் 60 நாள். மறுபரிசீலனை கேட்டு நாம் அனுப்பும் கடிதம் இந்தக் கணக்கை நிறுத்தாது. அவர்கள் பதில் போடும்வரை காத்திருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். தாமதத்துக்குக் காரணம் சொல்லிக் கூடுதல் நாள் கேட்கலாம்தான், ஆனால் தெரியாமல் இருந்துவிட்டேன் என்பதை யாரும் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, ஃபெடரல் கோர்ட்டில் கன்சல்டன்ட் ஆஜராக முடியாது. வக்கீல் வேண்டும், இல்லாவிட்டால் நாமே வாதாட வேண்டும். பத்தாவது நாள் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். என் மூன்று பக்கக் கடிதத்தை நீட்டினேன், ஓரமாக வைத்துவிட்டார். மேனேஜரின் புதுக் கடிதத்தைக் கொடுத்தேன், அதையும் அதன் மேலேயே வைத்தார்.

"அதிகாரிகிட்ட என்ன இருந்தது? நீங்க அன்னைக்கு அப்லோட் பண்ணின அதே பி.டி.எஃப். வேணும். திருத்தினது, சேர்த்தது எதுவும் வேண்டாம்."

இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. கோர்ட்டில் அவர்கள் பார்ப்பது எனக்கு பி.ஆர். பெறத் தகுதி இருக்கிறதா என்பதை அல்ல. அதிகாரியின் மேஜையில் அன்று இருந்த காகிதத்தை வைத்துப் பார்த்தால், அவர் சொன்ன காரணம் நிற்குமா என்பதைத்தான். அப்புறம் வாங்கிய ஆதாரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே வராது, சில விதிவிலக்குகளைத் தவிர. ஜெயித்தாலும் கோர்ட் கையோடு பி.ஆர். கொடுத்து அனுப்பாது. அந்த முடிவை ரத்து செய்து, வேறொரு அதிகாரி புதிதாகப் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

பி.டி.எஃப்.பை எடுத்தோம். 31 பக்கம். விண்ணப்பத் தளத்தில் ஒரு வேலைக்கு ஒரே ஒரு கோப்புதான் ஏற்ற முடியும் என்பதால் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டியிருந்தேன். முதல் பக்கத்தில் எச்.ஆர். கடிதம்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வாழ்த்துகள். நாலே வரி. எங்கள் பழைய கம்பெனி எச்.ஆரில் வேலை விவரம் எழுதித் தர மாட்டார்கள், எத்தனை முறை கேட்டாலும் அது பாலிசி என்பார்கள். ஆனால் கனடாவுக்கு அந்த விவரம்தான் உயிர். கனடா அரசின் தொழில் வகைப்பாட்டில் நம் வேலைக்கு எழுதியிருக்கும் முதன்மை விளக்கத்துக்கும், முக்கியக் கடமைகளில் கணிசமானவற்றுக்கும் நாம் செய்தது பொருந்த வேண்டும். அதனால் அன்றைக்கே மேனேஜரிடம் தனியாக ஒரு கடிதம் வாங்கியிருந்தேன். கடமைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், எச்.ஆர். ஏன் தரவில்லை என்ற காரணம், கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. அதை எங்கே வைத்தேன் என்றால், பன்னிரண்டு சம்பளச் சீட்டு தாண்டி, பதினாலாம் பக்கத்தில்.

இது என் முட்டாள்தனம்தான், மறைக்க ஒன்றுமில்லை. வக்கீலம்மா அந்தப் பக்கத்தில் நிறுத்தி, பேனாவால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டி, "நம்ம கேஸ் இந்த ஒரு பக்கம்தான்" என்றார்.

பதினாலாவது நாள் மனுவை ஆன்லைனில் போட்டோம். கோர்ட் கட்டணம் 50 டாலர்தான். வக்கீல் கட்டணம் சில ஆயிரம், அதை வழக்கை விசாரிக்கக் கோர்ட் அனுமதி தரும்வரை ஒரு தவணை, விசாரணைக்கு ஒரு தவணை என்று பிரித்து வாங்கினார். எதிர்மனுதாரர் துறை அமைச்சர், அவருக்காக வருவது நீதித் துறை வக்கீல்கள். அன்று சாயங்காலமே ஐ.எம்.எம். என்று தொடங்கும் வழக்கு எண் வந்துவிட்டது.

மறுப்புக் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் அச்சு வாசகம். அதிகாரி உண்மையில் என்ன நினைத்தார் என்பது அவர் கணினியில் எழுதும் குறிப்பில் இருக்கும். தகவல் உரிமை மனுப் போட்டு 5 டாலரில் அதை வாங்கலாம், ஆனால் அதற்கான கெடு 30 நாள், சொன்ன நாளில் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. மனுவில் காரணங்கள் இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதினால் கோர்ட்டே அவர்களிடம் கேட்டு வாங்கித் தரும். எனக்கு அப்படித்தான் வந்தது. மொத்தமே எட்டு வரி. எச்.ஆர். கடிதத்தில் கடமைகள் இல்லை, சம்பளச் சீட்டைப் பார்த்தேன், அதில் பதவி மட்டும்தான் இருக்கிறது, திருப்தி இல்லை. மேனேஜர் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நம்பவில்லை என்றோ, லெட்டர்ஹெட் சரியில்லை என்றோகூட இல்லை.

அந்த மௌனம்தான் எங்களுக்குக் கிடைத்த பிடி. அதிகாரி ஒவ்வொரு காகிதத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் விட்டுப்போன ஆதாரம் எவ்வளவு முக்கியமானதோ, அதைப் பார்க்காமலேயே முடிவெடுத்தார் என்று கோர்ட் கருத அவ்வளவு இடம் உண்டு, 1998-லிருந்தே தீர்ப்புகள் இப்படிச் சொல்கின்றன. 2019 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் வாவிலோவ் வழக்கில், முடிவு மட்டும் சரியாக இருந்தால் போதாது, எழுதிய காரணமும் அந்த முடிவைத் தாங்க வேண்டும் என்றது. அந்த வாவிலோவ் யாரென்றால், ரஷ்ய உளவாளிகளுக்கு டொராண்டோவில் பிறந்த மகன். பெற்றோர் உளவாளிகள் என்பதே தனக்குத் தெரியாது என்றவர், குடியுரிமைக்காக வழக்காடி ஜெயித்தார். என் சம்பளச் சீட்டுக்கும் உளவாளி வீட்டுப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்புதான் வந்தது, ஆனால் எங்கள் வாதத்தில் முதல் பக்கத்திலேயே அவர் பெயர்தான்.

பிரமாணப் பத்திரத்தை நான் எழுதிக் கொடுத்தேன். மகள், வரி, மன உளைச்சல் பற்றிய பாராக்கள் மூன்றையும் வக்கீலம்மா அடித்துவிட்டார். "எல்லாம் உண்மைதான். ஆனா அதிகாரி தப்பு பண்ணினாரான்னு கேட்டா இதுல பதில் இருக்கா?" மிஞ்சியது ஒன்றரைப் பக்கம். இன்ன தேதியில் இந்த பி.டி.எஃப்.பை ஏற்றினேன், இன்ன பக்கத்தில் இன்ன கடிதம் இருக்கிறது.

காரணங்கள் கைக்கு வந்ததும் முழு ஆவணத்தைத் தாக்கல் செய்ய அப்போது 30 நாள் இருந்தது. 2025 மே மாதத்தில் கோர்ட் அதை 75 ஆக நீட்டியது, முதல் 15 நாள் மட்டும் மாறவில்லை. காத்திருந்த நாட்களில் வேறொருவரின் விசாரணையை ஜூமில் பார்த்தேன், பொதுமக்கள் பார்க்கலாம். வக்கீல் ஏதோ ஒரு சான்றிதழைக் காட்டத் தொடங்கியதுமே நீதிபதி, இது அதிகாரி முன் இருந்ததா என்று கேட்டார். இல்லை. சரி, அடுத்ததுக்குப் போங்கள். ஓரமாக வைக்கப்பட்ட என் புதுக் கடிதம்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் வழக்கு அந்தக் கட்டத்துக்கே போகவில்லை. இந்த வழக்குகளில் விசாரணைக்கு முதலில் கோர்ட் அனுமதி தர வேண்டும், அனுமதி மறுத்தால் காரணமும் சொல்ல மாட்டார்கள், அப்பீலும் இல்லை. அந்தப் பயத்திலேயே இருந்தபோது மார்ச்சில் எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து கடிதம்: முடிவை ரத்து செய்து வேறு அதிகாரிக்கு அனுப்பச் சம்மதம், வழக்கை வாபஸ் வாங்குகிறீர்களா? எனக்கு உள்ளூர ஏமாற்றம். நீதிபதி வாயால் அது தப்பு என்று கேட்க ஆசைப்பட்டிருந்தேன். வக்கீலம்மா, "ஜெயிச்சாலும் இதேதான் கிடைக்கும், ஆறு மாசம் கழிச்சு" என்றார். கையெழுத்துப் போட்டேன். செலவுத் தொகை ஒரு காசு திரும்பவில்லை.

விண்ணப்பம் மறுபடி உயிர் பெற்றதால் இடைக்கால வேலை அனுமதிக்கு மனுப் போட முடிந்தது, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. மருத்துவப் பரிசோதனை ஒரு வருஷம்தான் செல்லும், காலாவதியாகியிருந்தது, திரும்ப எடுத்தோம். போலீஸ் சான்றிதழும் புதிதாக. மறுத்தபோது திருப்பித் தந்த நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 515 டாலர், மறுபடி கட்டும்போது 2024 ஏப்ரல் 30 தாண்டிவிட்டதால் 575. ஆளுக்கு அறுபது டாலர் நட்டம், வாயைத் திறக்காமல் கட்டினேன்.

இந்தத் தடவை புது பி.டி.எஃப். செய்தேன். முதல் பக்கம் பொருளடக்கம், இரண்டாம் பக்கம் மேனேஜர் கடிதம். சம்பளச் சீட்டெல்லாம் கடைசியில்.

2024 டிசம்பரில் பி.ஆர். உறுதியானது. அதற்கப்புறம், தேவையே இல்லாமல், ஐந்து டாலர் கட்டி இரண்டாவது அதிகாரியின் குறிப்பையும் வாங்கினேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஊரில் நான் பார்த்த வேலையைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான்: மேலாளர் கடிதம் பார்த்தேன், கடமைகள் பொருந்துகின்றன.