அச்சக மாடி வாசிப்பு: நாட்குறிப்பு

ஜூன் 9, 2024, ஞாயிறு

அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1958-இல் வெளியிட்ட ‘தி ஹியூமன் கண்டிஷன்’ நூலை இன்று தொடங்கினோம். நண்பரின் அச்சக மாடியில், தாள் மடிப்பதற்கென்று போட்டிருக்கும் நீண்ட மேசையைச் சுற்றி ஏழு பேர். ஒருவர் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும், அடுத்தவர் அதைத் தம் தமிழில் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் விவாதம். நூலில் 45 பிரிவுகள் இருக்கின்றன. நான்கு மணிக்கு உட்கார்ந்த நாங்கள் ஆறு மணிக்குள் முன்னுரையைக்கூட முடிக்கவில்லை. ஒருவர் ஐந்தேகாலுக்கே எழுந்து போனதைப் பார்த்து, அவருக்கு இதில் ஆர்வம் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

உழைப்பு, ஆக்கம், செயல் என்று மனிதர் ஈடுபடுவனவற்றை அரெண்ட் மூன்றாகப் பிரிக்கிறார். சமைப்பதும் துவைப்பதும் உழைப்பு. இன்று செய்தது இன்றே தீர்ந்து, நாளை மறுபடியும் தொடங்கும். மேசை செய்வது ஆக்கம். செய்தவர் போன பிறகும் மேசை நிற்கும். பலர் நடுவே நின்று பேசியும் முன்வந்து ஒன்றைத் தொடங்கியும் தான் யார் என்று காட்டுவது மட்டுமே செயல், பொதுவாழ்வு என்பது அதுதான். அச்சுக்கூடத் தொழிலாளி எந்தப் பிரிவில் வருவார் என்று அரைமணி நேரம் வாதிட்டோம். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே சொல்லோடு மல்லுக்கட்டினோம். ‘பிரைவேட்’ என்பதைத் ‘தனியார்’ என்று ஒருவர் பெயர்த்தவுடனே எல்லோர் மனத்திலும் பேருந்துதான் வந்து நின்றது. அந்தச் சொல்லின் இலத்தீன் வேரில் ‘பறிக்கப்பட்டது’ என்ற பொருள் இருப்பதை அரெண்ட் வற்புறுத்துகிறார். பிறர் காணவும் கேட்கவும் வாய்ப்பின்றி வீட்டுக்குள் மட்டுமே வாழ்பவர் எதையோ இழந்தவர் என்பது பழைய கிரேக்கர், உரோமர் பார்வை. நம்மிடமோ ‘அகம்’ இருக்கிறது. வீடு, மனம், காதல் எல்லாம் அதற்குள் அடங்கும். இழப்பின் சாயல் அதில் துளியும் இல்லை. ஆகவே ‘அகம்’ என்று வைத்தால் அவருடைய வாதமே கவிழ்ந்துவிடும் என்றேன் நான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஐந்தேகாலுக்கு எழும் அந்தத் தோழி, பையைத் தோளில் மாட்டியபடியே, “அகத்துக்கு இழப்பின் சாயல் இல்லை என்று எழுதியவர்களுக்குச் சமைத்துப் போட்டது யார் என்று பாருங்கள்” என்றார். பெண்களும் அடிமைகளும் வீட்டின் தேவைகளைச் சுமந்ததால்தான் ஏதென்ஸின் குடிமகன் பொதுவெளிக்கு வர முடிந்தது என்பதை அரெண்ட் மறைக்கவில்லை என்றும், அந்தப் பத்தியை நாம் வேகமாகத் தாண்டிவிட்டோம் என்றும் சொல்லிவிட்டு, மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் என்று படியிறங்கினார். திருப்பிப் பார்த்தபோது அந்தப் பத்தியில் நான் ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் மேசை முழுக்க மஞ்சள் கட்டுகளாக அடுக்கிக் கிடந்ததால் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். வாசிக்க வேண்டியிருந்ததோ, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களை அந்த மேசை இணைக்கவும் செய்கிறது, விலக்கியும் வைக்கிறது, பொது உலகமும் அப்படிப்பட்டதே என்று அரெண்ட் சொல்லும் புகழ்பெற்ற பகுதி! மேசை திடீரென மறைந்துபோனால் எதிரெதிரே இருப்பவர்களுக்கு இடையே தொடர்பும் இருக்காது, இடைவெளியும் இருக்காது என்கிறார்.

மேசையில் இடம் பெறாதவர்களைப் பற்றிய பேச்சு மகாராஷ்டிரத்து ஊரான மகாடுக்குப் போனது. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இலேயே தீர்மானம் போட்டிருந்தும், அங்குள்ள சவதார் குளத்தில் தலித்துகள் கைவைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஊர்வலமாகச் சென்று அதன் நீரை அள்ளிக் குடித்தார். தண்ணீர் உயிரின் தேவை. அரெண்டின் கணக்கில் தேவைகளெல்லாம் வீட்டின் பக்கம். ஆனால் தாங்கள் போவது வெறுமனே நீர் குடிக்க அல்ல, தாங்களும் மனிதர்களே என்று நிலைநாட்டுவதற்கு என்று அம்பேத்கர் சொன்னது, அரெண்ட் ‘செயல்’ என்பதற்குக் கொடுக்கும் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. வீட்டுக்கும் பொதுவெளிக்கும் நடுவே அரெண்ட் கோடு போட்ட இடம் தவறு, செயலைப் பற்றி அவர் சொன்னது சரி என்பதே இப்போதைக்கு என் முடிவு.

அரெண்டும் இந்த இடத்தில் இடறியிருக்கிறார். அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில், அதுவரை வெள்ளையருக்கு மட்டுமே என்றிருந்த பள்ளியில் 1957-இல் கறுப்பினப் பிள்ளைகள் சேர்ந்ததைப் பற்றி 1959-இல் எழுதிய கட்டுரையில், பெரியவர்களின் அரசியல் போரைக் குழந்தைகள் மேல் சுமத்தியதாகப் பெற்றோரைக் குறை கூறினார். அந்தப் பெற்றோரின் தியாகம் அவருக்குப் புரியவில்லை என்று எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் மறுத்தபோது, தாம் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டு 1965-இல் எலிசனுக்குக் கடிதம் எழுதினார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இனிமேல் இரண்டரை மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடிப்பதாக ஏற்பாடு. மதியத் தூக்கம் போகிறதே என்று இருவர் முணுமுணுத்தார்கள். இன்று தோழி கடைசி வரை இருந்தார். உணவு இடைவேளையில் மேலே வந்த பைண்டிங் தொழிலாளி, பத்திரிகைக் கட்டுகளை ஓரமாக நகர்த்தி எங்களுக்குப் பாதி மேசையைக் கொடுத்துவிட்டு, மறுபாதியில் தம் தூக்குவாளியைத் திறந்தார். எட்டாம் பிரிவைத் தோழி வாசித்தார். ‘பிரைவேட்’ வந்த இடத்தில் அவர் எந்தத் தமிழ்ச் சொல்லும் போடாமல் ஒரு கணம் நிறுத்திவிட்டு மேலே போனார்.