உருக்கிலிருந்து நாருக்கு

நான் உலோகவியல் படித்தவன். பட்டம் பெற்றபின் நான்கு ஆண்டுகள் ஓர் உருக்காலையின் சோதனைக்கூடத்தில், உடைந்து வந்த தண்டுகளையும் பற்சக்கரங்களையும் அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, விரிசல் எங்கே தொடங்கியது என்று அறிக்கை எழுதுவதே என் வேலை. ஒரே வார்ப்பிலிருந்து வெட்டிய பத்துத் துண்டுகளை இழுவிசை எந்திரத்தில் மாட்டினால் பத்தும் ஏறத்தாழ ஒரே எண்ணைச் சொல்லும்; சொல்லாவிட்டால் தவறு எந்திரத்திடம் இருக்கும், அல்லது என்னிடம் இருக்கும். அந்த நம்பிக்கையோடு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, வழிகாட்டி என் கையில் கொடுத்தது ஒரு கட்டுத் தென்னை நார்.

முதலாண்டு கண்ணீராகத்தான் கழிந்தது. ஒரே தேங்காய் மட்டையிலிருந்து உரித்த இரண்டு நார்களில், ஒன்றின் வலிமையைப்போல் இரு மடங்கு மற்றதற்கு இருந்தது. எந்திரத்தின் பிடிகளை மாற்றினேன். நாரின் முனைகளைக் காகிதச் சட்டத்தில் ஒட்டி மாட்டினேன். இழைகளைச் சோதிப்பதற்கு நம் நாட்டில் வகுத்துள்ளபடி 27 பாகை செல்சியஸ் வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் நார்களை வைத்து, அதன்பிறகே சோதித்தேன். சிதறல் குறைந்ததே தவிர மறையவில்லை. கடைசியில் ஒரு நாரைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் என் பேதைமை விளங்கிற்று. நான் கம்பி என்று எண்ணியிருந்தது, ஒன்றோடொன்று ஒட்டிய பல செல்களின் கற்றை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு குழி, கற்றையின் நடுவே ஒரு புழை. வெளிவிட்டத்தை அளந்து, முழு வட்டம் என்று பரப்பைக் கணக்கிட்ட நான், உள்ளிருந்த காற்றுக்கும் சேர்த்து வலிமை கேட்டிருக்கிறேன். ஓராண்டின் எண்கள் அத்தனையையும் மறுபடி கணக்கிட வேண்டியதாயிற்று.

பிழையைத் திருத்திய பிறகும் ஒரு புதிர் மிஞ்சியது. தாவரச் செல்சுவருக்கு வலுவூட்டும் பொருள் செல்லுலோஸ். அதன் படிகத்தின் மீட்சிக் குணகம், அதாவது இழுப்புக்கு எளிதில் நீளாமல் நிற்கும் விறைப்பின் அளவு, நீளவாக்கில் ஏறத்தாழ 130 கிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு அது 70, உருக்குக்கு 200. உருக்கின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள செல்லுலோஸ், எடைக்கு எடை பார்த்தால் உருக்கை மிஞ்சுகிறது. அப்படியிருக்க, அதனால் வலுப்பெற்ற தென்னை நார் ஏன் இத்தனை குழைவாக இருக்கிறது? விடை செல்சுவரின் சுற்றில் இருக்கிறது. செல்லுலோஸ் நுண்ணிழைகள் அங்கே நேராக ஓடாமல், நாரின் அச்சுக்கு 45 பாகை அளவில் சாய்ந்து சுருள்வில்லைப்போல் சுற்றிச் செல்கின்றன. லினன் துணி நெய்ய உதவும் ஆளி நாரில் அந்தச் சாய்வு 10 பாகை அளவே. ஆகையால் அது விறைத்து நின்று சட்டென அறுந்துவிடும். தென்னை நாரோ தன் நீளத்தில் கால் பங்குகூட நீண்டு கொடுத்த பிறகே அறும். மரத்தின் உச்சியிலிருந்து விழும் காயைச் சுமக்கும் மட்டைக்கு விறைப்பைவிட இந்த விட்டுக்கொடுத்தலே தேவை.

2003-இல் வெளியான ஒரு கட்டுரையை அப்போதுதான் படித்தேன். மரச் செல்களை இழுத்துக்கொண்டே, எக்ஸ் கதிர் கொண்டு நுண்ணிழைச் சாய்வை அளந்திருந்தார்கள். விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும் மீட்சி எல்லையைத் தாண்டி இழுத்தால் மரம் நிரந்தரமாக நீள்கிறது. ஆயினும் அதன் விறைப்பு குன்றுவதில்லை. இழைகளுக்கிடையே உள்ள பொருளின் பிணைப்புகள் அறுந்து, வழுக்கி, வேறோர் இடத்தில் மறுபடி பற்றிக்கொள்கின்றன என்று அவர்கள் விளக்கியிருந்தார்கள். உலோகப் படிகத்தில் டிஸ்லொகேஷன் என்னும் கோட்டுக்குறைகள் நகர்ந்து பொருளை முறியாமல் வளைய விடுவதைப் பத்தாண்டு படித்த எனக்கு, அந்நிய ஊரில் சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டாற்போல் இருந்தது. அக்கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் ஃப்ராட்ஸலும் உலோகக் கலவைகளில் தொடங்கி, எலும்புக்கும் மரத்துக்கும் வந்தவர்தாம்.

வேலை தேடிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு நேர்முகத் தேர்வில், என்னைத் தாவரவியல் துறையில் சேர்ப்பதா, உலோகவியல் துறையில் சேர்ப்பதா என்று கேட்டார்கள்; இரண்டிலும் சேர்க்கவில்லை. ஈராண்டு தற்காலிகத் திட்ட ஊதியத்தில் ஓடிற்று.

அந்த இடைவெளியில்தான் பனையிடம் வந்து சேர்ந்தேன். பழைய வீடொன்றைப் பிரித்த இடத்தில், ஓர் ஆசாரி பனங்கட்டையின் வெளிப்புறத்தைக் கைமரத்துக்கென்று ஒதுக்கி, உள்ளிருந்த சோற்றை எறிந்துகொண்டிருந்தார். “வைரமெல்லாம் வெளியேதான் தம்பி, தேக்குக்கு நேர் எதிர்” என்றார். “புறக்காழனவே புல்லென மொழிப”, “அகக்காழனவே மரமென மொழிப” என்று, வெளியே வைரம் உள்ளதைப் புல்லென்றும் உள்ளே வைரம் உள்ளதை மரமென்றும் தொல்காப்பிய மரபியல் சொல்வதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தும், அது பொருளறிவியல் என்று எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை. காற்றில் வளையும் தண்டின் நடுவில் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்று உள்ளே தாங்கும் விசை, ஏறக்குறைய இல்லை, விளிம்பில்தான் உச்சம். பனைக்குத் தேக்கைப்போல் ஆண்டுதோறும் புது வளையம் சேர்த்துப் பருக்கும் வழி கிடையாது; எனவே அது நார்க்கற்றைகளை விளிம்பில் நெருக்கமாக அடுக்கி, வயது ஏற ஏற அந்தச் செல்களின் சுவரைத் தடிக்கச் செய்கிறது. ஆசாரி வைரம் பாய்தல் என்றது இதைத்தான். அதற்கு முந்திய மாதம் நானோ, ஓர் ஆய்வுக் கட்டுரையில் பனந்தண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரே சராசரி வலிமையை எழுதி, பக்கத்தில் பெரிய பிழை எல்லையையும் குறித்து அனுப்பியிருந்தேன். பிழை என்று நான் ஒதுக்கியதே மரத்தின் கட்டுமானம். அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, விளிம்பிலிருந்து நடு வரை விரற்கடைக்கு ஒரு துண்டாக அறுத்து முதலிலிருந்து தொடங்கினேன். இன்று ஆய்வாளனாக எனக்குள்ள வேலை அந்த அட்டவணையால் கிடைத்தது.

பிரித்த வீட்டின் கைமரம் ஒன்றை அன்று ஆசாரியிடம் விலைக்குக் கேட்டேன். டீக்குக் காசு போதும் என்றார். பல்லாண்டு சுமை தாங்கிய மரத்தில் நுண்ணிழைகளின் சாய்வு மாறியிருக்குமா என்று பார்க்க, அதிலிருந்து பன்னிரண்டு துண்டுகளை இப்போதுதான் அறுத்திருக்கிறேன். அவை ஈரப்பத அறையில் இருக்கின்றன; எடை நிலைப்பட்ட பிறகே எந்திரத்தில் ஏற்ற வேண்டும்.