திருகாணியும் 10 ஆம்பியர் சிவப்பும்

எங்கள் கார் 2004 மாடல். டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் பழைய செடான். ஏசி போட்டால் மேம்பாலம் ஏறாது, மேம்பாலம் ஏற வேண்டுமானால் ஏசியை அணைக்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தை மதித்து நானும் அதுவும் வருஷக்கணக்கில் சண்டையில்லாமல்தான் இருந்தோம்.

போன தை மாதம் ஒரு ஞாயிறு இரவு, வடபழனி பக்கம் ஒரு ரிசப்ஷன். எனக்குச் சுகர். இலையில் வைத்த ஜாங்கிரியைப் பக்கத்திலிருந்து மனைவி எடுத்துச் சாப்பிட்டுவிட்டாள். தியாகமாம். அந்தத் துக்கத்தோடு காரில் ஏறி உட்கார்ந்தால், "ஏங்க, தோட்டுத் திருகாணி விழுந்துடுச்சு. லைட்டப் போடுங்க" என்றாள்.

உள்ளே கூரையில் இருக்கும் லைட்டுக்கு மூன்று நிலை: ஆன், டோர், ஆஃப். மூன்றுக்கும் தள்ளிப் பார்த்தேன். மூன்றிலும் ஆஃப். கதவைத் திறந்தேன், மூடினேன். கதவு விளிம்பில் இருக்கும் ரப்பர் குமிழை விரலால் அமுக்கி அமுக்கி விட்டேன். டேஷ்போர்டில் மணி காட்டும் பச்சை எழுத்துகளும் காணோம். செல்போன் டார்ச்சில் அரைமணி நேரம் தேடினோம். ஒரு ரூபாய் நாணயம் 2, காய்ந்த மல்லிகைச் சரம் 1. திருகாணி கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ஆபீசுக்கு லேட்டாக வருவதாகச் சொல்லிவிட்டு ஃபியூஸ் பாக்ஸைத் தேடினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் வலது முழங்காலுக்கு எதிரே இருந்தது. சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்க முடியாது. கதவைத் திறந்து, தரையில் முட்டி போட்டு, தலையை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் நுழைக்க வேண்டும். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த வாட்ச்மேன் பதறிப்போய், "சார், மயக்கமா?" என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

மூடியின் உள்பக்கம் எது எதற்கான ஃபியூஸ் என்று அச்சடித்திருப்பார்கள். எங்கள் காரில் அது அழிந்து, 'HORN' மாதிரியும் 'HOME' மாதிரியும் ஏதோ ஒன்று மிச்சமிருந்தது. நல்லவேளை, ஃபியூஸுக்கு நிறம் உண்டு. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினேன். மூன்றாவதில், நடுவே வளைந்து ஓடும் கம்பி அறுந்து, பிளாஸ்டிக்கில் மை தடவியதுபோல் கருப்பு. ஐந்து ரூபாய்க்கு ஒரு புது ஃபியூஸ். குத்தியதும் லைட் பளிச். கடிகாரம் 12:00 என்று புதுப்பிறவி எடுத்தது. ஸ்டீரியோ, நான் சேமித்த எஃப்எம் ஸ்டேஷன்கள் அத்தனையையும் மறந்திருந்தது. மூன்றும் ஒரே ஃபியூஸ்.

வீட்டில் அன்று ஒரு வாரத்துக்குத் தாங்கும் அளவுக்குப் பெருமை அடித்தேன். சரியாக ஒரு வாரம் தாங்கியது. அடுத்த ஞாயிறு சாயங்காலம் மறுபடி இருட்டு. திங்கள் புது ஃபியூஸ். அதற்கடுத்த ஞாயிறு, மறுபடி.

"ஞாயித்துக்கிழமை நாலரை டு ஆறு ராகுகாலம். அப்ப வண்டிய ஏன் எடுக்கறே?" என்றார் அம்மா. மாடி வீட்டு ரிட்டயர்டு அங்கிள் இன்னும் நடைமுறைவாதி. "சிவப்பு வீக்குப்பா. முப்பதைப் போடு, ஜென்மத்துக்கும் போகாது. இல்லேன்னா சிகரெட் பாக்கெட் ஜிகினாவைச் சுத்திச் சொருகு." கை துறுதுறுத்தது உண்மை. ஆனால் அந்தக் கூரை பல்பு 10 வாட். 12 வோல்ட் பேட்டரியில் அது இழுப்பது ஒரு ஆம்பியர்கூட இல்லை. அப்படியிருக்க 10 ஆம்பியர் ஃபியூஸே எரிகிறதென்றால் வேறெங்கோ வொயர் பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். முப்பதைப் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வொயர் எரியும். நெருப்பு விஷயத்தில் மட்டும் நான் கோழை.

நாலாவது வாரம் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். மீட்டர் கீட்டர் எதுவும் எடுக்கவில்லை அந்தப் பையன். ஒரு இண்டிகேட்டர் பல்பு, அதிலிருந்து தொங்கும் இரண்டு வொயர், அவ்வளவுதான். சிவப்பு ஃபியூஸைக் கழற்றிவிட்டு அது இருந்த இடத்தில் இரண்டு முனையையும் சொருகினான்.

"ஷார்ட் ஆச்சுன்னா ஃபியூஸ் பூடும், நமக்கு ஒண்ணும் தெரியாது. பல்பு பூடாது சார், எரிஞ்சு காமிக்கும்."

நாலு கதவையும் திறந்து மூடினான். பல்பு பீடி நுனி மாதிரி மங்கலாகக் கண் சிமிட்டியது. அது சரியாம், கூரை லைட் இழுக்கிற அளவு. டேஷ்போர்டுக்கு அடியில் வொயர்களை உலுக்கினான். ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம மட்டும் இன்னா சார் பண்ணுவீங்க?" என்றான்.

யோசித்தேன். கோயில் இல்லை, பீச் இல்லை. "சாயங்காலம் தண்ணி கேன் எடுத்துட்டு வருவேன்."

"எங்க வெப்பீங்க?"

"டிக்கில."

நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தான். மூடி பாதி ஏறும்வரை பல்பு மங்கல். முழுக்க மேலே போனதும் கண்ணைக் கூசும்படி எரிந்தது. இறக்கினான், மங்கல். ஏற்றினான், பிரகாசம். எனக்கே ஆசையாகிவிட்டது, நானும் இரண்டு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

டிக்கி மூடியில் ஒரு குட்டி லைட் இருக்கிறது. அதற்குப் போகும் வொயர் கீல் கம்பியை ஒட்டியே போய், இத்தனை வருஷம் மடங்கி மடங்கித் தோலுரிந்து, நகக்கண் அளவுக்குச் செம்பு தெரிந்தது. காரில் பெரும்பாலும் பாடிதான் மைனஸ். மூடி முழுசாகத் திறக்கும்போது மட்டும் அந்தச் செம்பு கீலில் படும், அந்தக் கணமே ஃபியூஸ் காலி. வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் டிக்கியைத் தொடுவதே இல்லை. ராகு பாவம், அநியாயமாகப் பழி சுமந்திருக்கிறார்.

வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி, கீலில் படாமல் ஒதுக்கிக் கட்டினான். 150 ரூபாய்.

வெற்றியோடு வீட்டுக்கு வந்து, இருட்டும்வரை காத்திருந்து, மனைவியைக் கூப்பிட்டு டிரைவர் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே பட்டப்பகல். "அப்பாடா, இப்பவாவது அந்தத் திருகாணியத் தேடுவோம்" என்று குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டாள்.

கடலை மிட்டாய்க் கவர் ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. பாதி மைசூர்பாகோடு மடித்து வைத்த எண்ணெய்த்தாள் வந்தது.

"டாக்டர் கிட்ட அடுத்த செக்கப் எப்போங்க?" என்றாள், மிக அமைதியாக.

திருகாணி இன்னும் கிடைக்கவில்லை. லைட் இப்போது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் ஸ்விட்சை நான்தான் ஆஃபில் தள்ளி வைத்திருக்கிறேன்.