ஒன்பதாவதில் கொடுக்கும் டிசி

ஜூன் 3

பள்ளி திறந்த மறுநாளே பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் வந்துவிட்டார். பத்தாவதில் இந்த வருடம் நூறு சதவீதம் ரிசல்ட் வேண்டுமாம். வழியையும் அவரே சொன்னார்: ஒன்பதாவதில் தட்டுத்தடுமாறிய பையன்களின் வீட்டாரைக் கூப்பிட்டுப் பக்குவமாகப் பேசி டிசியைக் கையில் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் பள்ளியின் கணக்கில் வராமல் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டும். பழைய வித்தைதான். அரசே 2017இல் ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது, வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டும் ஆசை மட்டும் யாருக்கும் போகவில்லை.

ஜூன் 5

ஸ்டாஃப் மீட்டிங். எட்டாவது முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஒன்பதாவதுக்கு அந்தக் காவல் கிடையாது, அங்கே எல்லாம் ஹெச்.எம். மனசுதான். எங்கள் ஹெச்.எம். சத்தம் போடவில்லை. "அவங்களா கேட்டு வந்தா டிசி தரேன், நானா கூப்பிட்டுத் தர மாட்டேன். சார் வேணும்னா அதை எழுத்துல கொடுக்கட்டும்" என்றார். இதையெல்லாம் யார் எழுத்தில் கொடுப்பார்கள்! ரிசல்ட் குறைந்தால் சிஇஓ, அதாவது மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், கூட்டும் மீட்டிங்கில் யார் பதில் சொல்வது என்று கணக்கு சார் கேட்டதற்கு, "நான்தான், வேற யாரு?" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். தினமும் சாயங்காலம் ஐந்தரை வரை எக்ஸ்ட்ரா கிளாஸ் என்று எங்களைக் கேட்காமலே அறிவித்துவிட்டார். பிள்ளைகளிடம் காட்டும் நியாயத்தில் கொஞ்சம் எங்களுக்கும் வைக்கலாம். எனக்கு வீடு எண்ணூர், பஸ் பிடித்துப் போய்ச் சேர எட்டாகும்.

ஜூன் 10

கரஸ்பாண்டென்ட் டிசி கொடுக்கச் சொன்ன பையன்களில் ஒருவனின் அம்மா தானாகவே வந்தார். "இன்னா டீச்சர், இவனுக்கும் சீட்டைக் கிழிச்சிடுவீங்களா?" பெரியவனுக்கு வேறொரு பள்ளியில் அப்படித்தான் ஆனதாம். தனித்தேர்வர் என்றால் அறிவியல் செய்முறை வகுப்புக்குக்கூடத் தனியாகப் பதிவு செய்து அலைய வேண்டும், அவன் அலையவில்லை, காசிமேட்டில் ஐஸ் தூக்கப் போய்விட்டான். அப்பா லாஞ்ச்சில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வரும்படி இல்லை. ஹெச்.எம். அந்த அம்மாவை உட்காரவைத்து, "பையன் இங்கதான் படிப்பான், காலையில துறைமுகத்துக்கு மட்டும் அனுப்பாதீங்கம்மா" என்றார்.

ஜூன் 17

தடை முடிந்து படகுகள் போய்விட்டன. நேற்று பையனும் வரவில்லை. இன்று வந்தான், ஹெச்.எம். திட்டவில்லை, முதல் பெஞ்சுக்கு மாற்றினார். கரஸ்பாண்டென்ட்டிடமிருந்து எழுத்தில் எதுவும் வரவில்லை. எக்ஸ்ட்ரா கிளாஸை முறை வைத்துப் பிரித்துவிட்டார்கள், எனக்குச் செவ்வாயும் வியாழனும். வியாழனை மாற்றித் தரச் சொல்லி நாளைக்குக் கேட்க வேண்டும்.