ஸ்பிரிங்கை மாற்றினேன், ஐந்தில் இரண்டு வெடிக்கவில்லை

போன சனிக்கிழமை, கௌபாய் வேஷத்தில் அந்தக் காலத்துப் பாணித் துப்பாக்கியால் சுடும் போட்டியில் ஐந்து தோட்டாவில் இரண்டு வெடிக்கவில்லை. ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கிற சுத்தியல்) விழுந்தது, ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டெக்சாஸ் வெயிலில் தொப்பி, கோட்டு, பூட்ஸ் என்று ஜெய்சங்கர் மாதிரி வேஷம் கட்டி நின்றேனே, வியர்வையோடு சேர்ந்து அசடும் வழிந்தது.

யார்மேலும் பழி போட முடியாது. ஹேமரை இயக்கும் ஸ்பிரிங்கை மாற்றியது நான்தான்.

ஆறு மாதம் யோசித்து வாங்கிய ரூகர் நியூ வக்கேரோ ரிவால்வர் ஜோடி இது. மனசு முதலில் கோல்ட் 1873 மேல்தான் இருந்தது. ஹேமரை மெல்ல இழுத்தால் நாலு க்ளிக், காதுக்கு அப்படி ஒரு சுகம். ஆனால் இந்த விளையாட்டுக்கு ரிவால்வர் இரண்டு வேண்டும். விலையை இரண்டால் பெருக்கியதும் ஆசை அடங்கிவிட்டது. அதே அச்சில் இத்தாலியில் செய்கிற உபெர்ட்டியை நண்பரிடம் இரவல் வாங்கி மூன்று போட்டி சுட்டேன். நல்ல துப்பாக்கி. ஆனால் ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்திவிட்டுத்தான் தோட்டா போட வேண்டும். ஒன்று போடு, ஒரு அறை விடு, நாலு போடு, முழுசாக இழுத்துக் காலி அறைமேல் இறக்கு. பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கணக்குத் தப்பிவிடும்.

ரூகர் நியூ வக்கேரோவில் தோட்டா போடும் பக்கக் கதவைத் திறந்தாலே சிலிண்டர் சுற்றும், ஹேமரைத் தொட வேண்டாம். க்ளிக் கேட்ட இடத்தில் அறை கதவுக்கு நேராக நிற்கும். பழைய வக்கேரோவில் காலி கேஸை (சுட்ட தோட்டாவின் கூடு) வெளியே தள்ளத் தடவியவர்களுக்கு இதன் அருமை தெரியும். உடம்பும் அதைவிடச் சின்னது, என் கைக்கு அடக்கம். தவறி வெடிக்காமல் காக்கும் ட்ரான்ஸ்ஃபர் பார் இருப்பதால் ஆறும் போடலாம்தான். ஆனாலும் போட்டி விதிப்படி ஐந்துதான், ஹேமர் காலி அறைமேல்தான் இறங்க வேண்டும். .45 அளவுத் தோட்டா பார்க்க கம்பீரம். அத்தனை ஈயத்துக்கு அழுவது யார்? .357 துப்பாக்கி எடுத்து, அதிலேயே சுடக்கூடிய .38 ஸ்பெஷல் தோட்டா சுடுகிறேன்.

சரி, ஸ்பிரிங். துப்பாக்கியோடு வந்தது 23 பவுண்டு விசை. கட்டைவிரல் கெஞ்சியது. ஒன்றில் மட்டும் 17 போட்டேன். வெண்ணெய்! வீட்டில் வெறுமனே இழுத்து இழுத்துப் பூரித்துப் போனேன். போட்டியில் மானம் போனது.

வீட்டுக்கு வந்து இரண்டு துப்பாக்கியின் காலி கேஸ்களையும் விளக்கடியில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். 23-இல் ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) பள்ளம் ஆழமாக, 17-இல் தயங்கித் தொட்டது போல. ஆனால் வெடிக்காத இரண்டும் இரண்டாம் அடியில் வெடித்தன. அங்கேதான் சந்தேகம் தட்டியது. ப்ரைமர் அடிவரை உட்காராமல் இருந்தால் முதல் அடி அதை உட்கார வைப்பதிலேயே தீர்ந்துவிடும். மீதித் தோட்டாக்களின் அடியை விரலால் தடவினேன். பத்தில் மூன்று லேசாகத் துருத்திக்கொண்டிருந்தன. ஆக, ஸ்பிரிங் பாதிக் குற்றவாளி, தோட்டா செய்யும் ப்ரெஸ்ஸின் கைப்பிடியை அவசரமாக இழுத்த நான் மீதி.

மென்மையான ப்ரைமர் என்றால் ஃபெடரல் கம்பெனியுடையதுதான் என்கிறார்கள். வழக்கமான கடையில் கேட்டால் “அடுத்த வாரம்” என்கிறார், மூன்று மாதமாக. நடுவாந்தரமாக 19 பவுண்டு ஸ்பிரிங் ஒரு ஜோடி சொல்லியிருக்கிறேன். தாழ்ந்த, அகலமான ஹேமரும் கண்ணை உறுத்துகிறது, அதுவும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். 1873 லீவர் ரைஃபிளுக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் இப்போதே ஓட்டை விழுந்துவிட்டது.

ஞாயிறு முழுக்க, ப்ரைமர் துருத்திய தோட்டாக்களைப் பொறுக்கித் தனி டப்பாவில் போட்டேன். இதுவரை முப்பத்தேழு.