யார் பெயரை எழுதுவது?

கேரளத்தில் ஆகஸ்ட் 6 வந்தால் பள்ளிகளும் வாசகசாலைகளும் ஹிரோஷிமா நாளைக் கடைப்பிடிப்பது வழக்கம். பிள்ளைகள் காகிதக் கொக்கு மடிப்பார்கள், ஊர்வலம் நடக்கும், யாராவது ஒருவர் சொற்பொழிவாற்றுவார். குளத்தூப்புழைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நான் நூலகராக இருக்கும் சிறிய வாசகசாலையிலும் அப்படித்தான் நடந்துவந்தது. ஒரு குழுக் கூட்டத்தில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, அன்று மாலை ஹிரோஷிமாவில் மோட்டோயாசு ஆற்றில் காகித விளக்குகளை மிதக்கவிடுவதைப் பற்றிச் சொன்னாள். நமக்கும் ஆறு இருக்கிறதே என்றாள்.

ஜப்பானியர் முன்னோரை வழியனுப்ப நீரில் விளக்கு விடுவது பழைய வழக்கம். அணுகுண்டு விழுந்த 1945 ஆம் ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். வெந்த உடம்போடு தண்ணீர் தேடி ஆற்றில் இறங்கிய பலர் அங்கேயே மடிந்தார்கள். அவர்கள் பெயரை எழுதி அதே ஆற்றில் விளக்கு விடுகிறார்கள் என்பது எனக்கு மிகச் சரியாகப் பட்டது.

எங்கள் ஆற்றில் வேறொரு கவலை இருந்தது. சாஸ்தா கோயில் படித்துறையில் பக்தர்கள் பொரி போட்டு வளர்க்கும் மீன்களை இங்கே யாரும் பிடிப்பதில்லை. அவற்றின் வாயில் பிளாஸ்டிக்கோ தெர்மாகோலோ போய்விடக் கூடாது. ஆகவே கோயிலுக்குக் கீழே, நீர் சுழிக்காத ஓர் இடமாகப் பார்த்தோம். வாழைமரத்தைத் துண்டு போட்டு மிதவை, நான்கு மூலையிலும் மூங்கில் குச்சி, சுற்றிலும் வெள்ளைத் தாள், நடுவில் மெழுகுவர்த்தி. ஆடி மழைச் சாரலில் தாள் ஊறிப் பிய்ந்துவிடாமல் இருக்க, உருக்கிய மெழுகை மெல்லத் தடவினோம். பெயரை எழுதிய பிறகே தடவ வேண்டும். முதலில் தடவிவிட்டால் மை ஒட்டாது. விளக்குகள் அணை நீர்த்தேக்கம் வரை போய்விடாதபடி கரைக்குக் கரை ஒரு கயிறும் கட்டினோம்.

வேலைகளில் கடினமானது பெயர் எழுதும் மேசைதான். பிள்ளைகள் தயக்கமில்லாமல் 'சமாதானம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பெரியவர்கள் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள். 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். அவர்களுக்காகவே 1976 இல் தொடங்கிய அரசுத் தோட்ட நிறுவனத்தில் ரப்பர் பால் வெட்டப் பழகிக்கொண்டவர்கள். ஹிரோஷிமாவில் அவர்களுக்கு யாரைத் தெரியும்?

ஒருவர் தன் சின்னத்தாத்தா பெயரை எழுதலாமா என்று கேட்டார். மலாயாத் தோட்டத்திலிருந்து ஜப்பானியப் படை சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன தமிழர்களில் அவரும் ஒருவர்; திரும்பவில்லை. எழுதுங்கள் என்றேன். ஜப்பானியர் மீது விழுந்த குண்டால் நேர்ந்த சாவையும் ஜப்பானியப் படையால் நேர்ந்த சாவையும் ஒரே நீரில் விடுவது முறையா என்று குழுவில் ஒருவர் கேட்டார். முறை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதன் பிறகு தாள்கள் தாமாகவே நிறைந்தன. 1977 கலவரத்துக்குப் பயந்து மலையகத்தை விட்டு வட இலங்கையின் வன்னிக்குப் போய், 2009 போரில் அங்கே ஷெல்லடியில் இறந்த அக்காக்கள், மாமன்மார்கள், பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட ஒரு குழந்தை.

எண்பதை நெருங்கும் ஓர் அம்மா கடைசியாக வந்தார். எழுத்துத் தெரியாது, நான் எழுத வேண்டும். "தம்பி, பக்கத்து வீட்டுச் சிங்களத்தியின் மகன். என் இடுப்பில் வளர்ந்தவன். பட்டாளத்துக்குப் போனான், பெட்டியில்தான் வந்தானாம்" என்றார். அவருக்கு அவனுடைய செல்லப் பெயர் மட்டுமே நினைவிருந்தது. நான் எழுதத் தொடங்கியபோது, வன்னியில் தங்கையை இழந்த ஒருவர் மேசையில் கையை ஊன்றி, "சார், அந்தப் பெயரும் என் தங்கச்சி பெயரும் ஒன்றாகப் போகக் கூடாது" என்றார். அந்த அம்மா அவரைப் பார்த்து, "அவன் தாயும் அழுதிருப்பாள் அய்யா" என்றார், அவ்வளவுதான். நான் எழுதி முடித்து மெழுகு தடவினேன். அவருடைய கோபம் எனக்குப் புரிந்தது; ஆனாலும் யாருடைய தாளையும் திருப்பிக் கொடுக்கும் உரிமை அந்த மேசைக்கு இல்லை. தங்கையின் விளக்கை அவர் தனியே சற்று மேலே நடந்துபோய் விட்டார். கயிற்றருகே எல்லாம் சேர்ந்துதான் நின்றன.

அவர் இன்றும் என்னோடு உடன்படவில்லை. ஆண்டுதோறும் வாழைமரம் வெட்டித் தருபவரும் அவரே. முட்டிவலிக்காரர்கள் மழையில் ஆற்றங்கரைக்கு இறங்கி வர முடியாது, தாளை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவர் சொன்னதிலிருந்து, ஜூலைக் கடைசியிலேயே பேனாவும் தாளுமாகக் குடியிருப்புகளுக்குப் போய்விடுகிறேன். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்கள் சீக்கிரம் படுத்துவிடுவார்கள் என்பதால், மத்தியான வேளையில்தான் போக வேண்டியிருக்கிறது.